அப்பத்தா நடந்த வழியை வரைய ஆசை: அளவெடுக்க எனக்கு உரிமை உண்டா?

கோயம்புத்தூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சொந்த ஊர் காரைக்குடிப் பக்கம். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய தாத்தா ஒரு செட்டியார் கடைக்குச் சமையல்காரராக பர்மாவுக்குப் போனவர். 1942-க்குப் பிறகு திரும்பவில்லை. இரண்டு சிறு பையன்களோடு நின்ற அப்பத்தாவை, கடை முதலாளி வீட்டு ஆச்சி கூப்பிட்டு, பெரிய வீட்டின் மூன்றாம் கட்டுக்குப் பின்னால், பின்தெருவைப் பார்த்த இரண்டு அறைகளில் குடிவைத்தார். அந்த வீட்டு அடுப்படியிலேயே அப்பத்தாவின் காலம் கழிந்தது. அவர் இறந்தபின் குடும்பம் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டது. வீடு இன்று பூட்டிக் கிடக்கிறது. பங்காளிகள் சென்னை, பெங்களூர், மலேசியா என்று பிரிந்திருக்கிறார்கள்.

"அவுக எங்கெல்லாம் நடந்தாக, எந்தக் கெணத்துல தண்ணி எறச்சாக, எந்த வாசப்படியத் தாண்டுனதே இல்லைன்னு ஒரு மேப்பாப் போட்டுப் பார்த்தாத்தான் அப்பத்தாவ எனக்குப் புரியும்போல இருக்கு, வக்கீலம்மா" என்று எழுதுகிறார். ஆனால் தொடங்கிய இடத்திலேயே சிக்கல். சென்னையில் இருக்கும் ஆச்சி "தாராளமா வந்து பாரு" என்கிறார். பெங்களூர்ப் பங்காளி கூடாது என்கிறார். இணையத்தில் எடுத்த சர்க்கார் வரைபடத்தில் பின்கட்டு அறைகள் இல்லை. எண்பத்தாறு வயதுச் சித்தப்பா ஒரு இடத்தில் கிணறு இருந்தது என்கிறார், பின்தெருப் பெரியம்மா வேறொரு இடத்தைக் காட்டுகிறார். சித்தப்பா மகனோ, "மேப்பை மட்டும் ஒழுங்காப் போட்டுக் குடுங்கக்கா, அந்த எடத்துக்குப் பட்டா வாங்கிப்புடலாம்" என்கிறார். இதெல்லாம் ஆராய்ச்சி ஆகுமா, படித்தவர்கள் சிரிப்பார்களா என்பது கடைசிக் கேள்வி.

அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆகும். தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள, எங்கே பார்த்தோம், யார் சொன்னார், எது நம் ஊகம் என்று பிரித்து எழுதிவைக்கும் எந்த முயற்சியும் ஆராய்ச்சிதான். பட்டமும் வழிகாட்டியும் அதற்குப் பிறகு வருபவை.

வரைபடம் போட அரசாங்க அனுமதி வேண்டுமோ என்றும் பயந்திருக்கிறீர்கள். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, தடைசெய்யப்பட்ட சில விவரங்கள் தவிர, இந்தியர்கள் முன்அனுமதி இல்லாமலே வரைபடம் தயாரிக்கலாம். ஒரு தெருவையும் ஊருணியையும் நோட்டில் வரைவதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் நுழைவது வேறு விஷயம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

எதை வரைவது

"அப்பத்தாவின் வாழ்க்கை முழுவதையும் மேப்பில் கொண்டுவர வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆசையோடு உட்கார்ந்தால் முதல் தாளிலேயே களைத்துவிடுவீர்கள். உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்தில், போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். வீடு பூட்டிய பிறகும், சாவி அப்பத்தாவின் கையிலேயே இருந்தும், அவர் ஒருநாள்கூட முகப்பு வழியாகத் தெருவுக்கு வந்ததில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு பின்தெருவைச் சுற்றித்தான் ஊருணிக்குப் போவார் என்று. நான் அந்த இடத்தில் நிறுத்தி, திரும்பத் திரும்பப் படித்தேன். உங்கள் ஆராய்ச்சி அங்கே இருக்கிறது.

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவது உங்களுக்குத் தெரியும். முகப்பு, பட்டாலை, வளவு என்ற நடுமுற்றம், இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு எல்லாம் ஒரே நேர்கோட்டில் கிடக்கும். கதவுகள் திறந்திருந்தால் பின்வாசலில் நின்று முன்தெருவைப் பார்க்கலாம். அதாவது அப்பத்தாவுக்கு முன்னால் ஒரு நேர்வழி திறந்தே கிடந்திருக்கிறது. முதலில் அந்த நேர்வழியை வரையுங்கள். அப்புறம் அவர் உண்மையில் நடந்த வழியை, பின்தெரு, முடுக்கு (குறுகிய சந்து), ஊருணிப் படித்துறை என்று வரையுங்கள். இரண்டையும் டேப்பால் அளந்து அடிக்கணக்கை ஓரத்தில் எழுதுங்கள். ஒரு நடைக்கு எவ்வளவு கூடுதல், ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று சித்தப்பாவிடம் கேட்டுப் பெருக்கிப் பாருங்கள்.

அந்தக் கூடுதல் தூரம் தாளில் வந்த பிறகு நீங்கள் கேட்கும் கேள்விகள் மாறிவிடும். முன்வாசல் வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா? சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்த ஏற்பாடா? வீட்டில் யாரும் இல்லாத காலத்திலும் அதைக் கடைப்பிடித்தது பழக்கமா, பயமா, "எனக்கு உரிமையில்லாத வழி எனக்கு வேண்டாம்" என்ற மானமா? வரைபடம் இதற்குப் பதில் சொல்லாது. ஆனால் "அப்பத்தா எப்படி இருந்தாக?" என்று கேட்டால் "நல்லா இருந்தாக" என்று முடித்துவிடும் பெரியவர்கள், "இந்த வாசல்வரைக்கும் வருவாகளா, இதுக்கு மேல வருவாகளா?" என்று விரல் வைத்துக் கேட்டால் கட்டாயம் யோசிப்பார்கள்.

எல்லா வாசற்படிக்கும் ஒரு குறி வையுங்கள்: தினமும் தாண்டியது, விசேஷ நாளில் மட்டும் தாண்டியது, தாண்டாதது. அந்த வீட்டுக் கல்யாணத்திலும், முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு அன்றைக்கும் அப்பத்தா எந்தக் கட்டுவரை வந்தார் என்பதைத் தனியாகக் கேளுங்கள். வேலை செய்கிறவர்களுக்கு எல்லைகள் இறுகுவதும் தளர்வதும் அப்படிப்பட்ட நாட்களில்தான் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டு கிணறும் இருக்கட்டும்

நான் சிவில் வழக்கு நடத்துகிறவள். கோர்ட் நியமிக்கும் வழக்கறிஞர் கமிஷனராக இந்தப் பகுதி வீடுகளை அளந்து பிளான் போட்டிருக்கிறேன். அந்த வேலையில் ஒரு ஒழுங்கு உண்டு. நானே கண்டது ஒன்று. வாதி காட்டியது ஒன்று. பிரதிவாதி காட்டியது ஒன்று. மூன்றையும் பிளானில் குறிக்கலாம், ஆனால் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. "வாதி சுட்டிக்காட்டிய இடம்" என்று எழுதினால், அங்கே கிணறு இருந்தது என்று நான் சொன்னதாகாது. யார் அனுபவத்தில் இடம் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்துச் சொல்லும் வேலையும் கமிஷனருடையது இல்லை. அது சாட்சிகளைக் கேட்டு நீதிமன்றம் முடிவு செய்யவேண்டியது.

இதையே நீங்களும் செய்யுங்கள். இன்று கண்ணால் காண்பதைக் கறுப்பு மையில் ஒரு தாளில் வரையுங்கள். அதன்மேல் டிரேசிங் தாளை வைத்துச் சித்தப்பா சொன்னதை நீலத்தில். இன்னொரு தாளில் பெரியம்மா சொன்னதைச் சிவப்பில். இரண்டையும் சேர்த்து ஒரே மேப்பாக்க முடியவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். சேர்க்காதீர்கள். ஒரு கிணறு தூர்ந்து இன்னொன்று வெட்டியிருக்கலாம். அல்லது சித்தப்பா பையனாக உள்ளேயிருந்து பார்த்த கிணறு ஒன்று, பெரியம்மா வெளியே வரிசையில் நின்ற கிணறு வேறொன்றாக இருக்கலாம். யார் எந்தக் கிணற்றில் இறைக்கலாம் என்ற கேள்வி நம் ஊர்களில் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இருவரும் ஒத்துப்போகாத அந்த இடத்தை அவசரப்பட்டு அழித்துவிட்டால், நீங்கள் தேடுவதையே அழித்ததாகிவிடும். ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் காலத்தையும் எழுதுங்கள். ஆண்டு நினைவில்லாதவர்கள் "சின்னவர் கல்யாணத்துக்கு முந்தி", "வீட்டுக்குக் கரண்டு வந்தபெறகு" என்பார்கள். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஆண்டைப் பிறகு கண்டுபிடிக்கலாம்.

பெரியம்மா பேனா பிடிக்க மாட்டேன் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தரையைக் கூட்டிவிட்டுக் கோலப்பொடியைக் கையில் கொடுத்துப் பாருங்கள். வடக்கு மேலே இருக்க வேண்டாம், அளவும் வேண்டாம். எங்கிருந்து தொடங்குகிறார், எதைப் பெரிதாகப் போடுகிறார், எதை விடுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். முடித்தபின் மேலிருந்து ஒரு படம் எடுத்தால் போதும். ஒலிப்பதிவு செய்வதானால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சர்க்கார் மேப்பில் இல்லை என்றால்

"நாங்கள் அங்கே இருந்ததற்கே அடையாளம் இல்லை" என்று எழுதியதைப் படித்தபோது மனசு கனத்தது. நீங்கள் எடுத்தது எஃப்.எம்.பி. எனப்படும் புல வரைபடம். அது சர்வே எண்ணின் எல்லைக் கோடுகளையும் உட்பிரிவுகளையும் காட்டுவதற்காக வரைந்தது. அதில் அறைகளைக் காட்டுவதில்லை. உங்கள் அப்பத்தா இருந்த அறை மட்டுமில்லை, செட்டியார் வீட்டு வளவும் அதில் இருக்காது. மேலும் குடியிருப்புப் பகுதி பெரும்பாலும் நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென ஒதுக்கிய நிலம். அதற்கான கணக்கு வேறு பதிவேட்டில் இருக்கும். சிவகங்கை, ராமநாதபுரம் ஜமீன்களிலும் புதுக்கோட்டை சமஸ்தானத்திலுமாகப் பிரிந்து கிடந்த பகுதி இது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது 1948-இல். புதுக்கோட்டை இந்தியாவோடு சேர்ந்ததும் அதே ஆண்டு. அதனால் அதற்கு முந்தைய நில ஆவணங்கள் எல்லா ஊருக்கும் ஒரே சீராகக் கிடைக்காது. சிவகங்கை தனி மாவட்டமானது 1985-இல். பழைய காகிதங்களில் ராமநாதபுரம் மாவட்டம் என்றுதான் இருக்கும். வேறு ஊரோ என்று தள்ளிவிடாதீர்கள்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடிய மிக நல்ல மூலம் பத்திரங்கள். பழைய கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் செக்குபந்தி இருக்கும்: இன்னார் வீட்டுக்கு வடக்கு, இன்னார் மனைக்குக் கிழக்கு, தெருவுக்குத் தெற்கு, முடுக்குக்கு மேற்கு, இதற்குள் கிழமேலடி இவ்வளவு, தென்வடலடி இவ்வளவு என்று. அளவுக்காகப் பத்திரத்தைப் பார்க்கிறவர்கள் இந்தப் பெயர்களை வேகமாகக் கடந்துவிடுவார்கள். நீங்கள் பெயர்களுக்காகப் பாருங்கள். பின்தெருவின் நாலைந்து மனைகளுக்கு 1930 முதல் 1960 வரையான பத்திரங்கள் கிடைத்தால், எந்தக் காலத்தில் யார் பக்கத்தில் யார் குடியிருந்தார் என்று தெருவையே திரும்ப அடுக்கலாம். முடுக்கு, பொதுக்கிணறு, நடைபாதை உரிமை எல்லாம் அதில் வரும். அப்பத்தாவின் பெயர் வராமல் போகலாம்; அவர் தினமும் முகம் பார்த்தவர்களின் பெயர்கள் வரும்.

சொத்து நம்முடையதில்லையே, நகல் தருவார்களா என்று கேட்பீர்கள். தருவார்கள். 1908 பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் 1-ஆம் புத்தகத்தைக் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். உயில்களுக்கு அந்த வசதி அப்படியே கிடையாது. வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975 முதல்தான் இணையத்தில் கிடைக்கும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக்கொடுத்துக் கையால் தேடவைக்க வேண்டும். பொறுமை வேண்டும், செலவும் கொஞ்சம் ஆகும்.

தாத்தாவுக்குத் தனித் தாள் போடுங்கள். ரங்கூனிலிருந்து காரைக்குடிக்குக் கடல்வழியாக ஒரு கோடு இழுத்து, நடுவில் பெருக்கல் குறி போட்டிருக்கிறீர்கள். கப்பலில் வரும்போது இறந்தார் என்று யாராவது கண்ணால் கண்டவர் சொன்னாரா? ரங்கூனில் குண்டு விழத் தொடங்கியது 1941 டிசம்பர் 23; நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது 1942 மார்ச்சில். அந்த மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினார்கள். கப்பல் கிடைக்காதவர்கள் அரக்கான் மலைவழியாகவும், தமு வழியாக மணிப்பூருக்கும் நடந்தார்கள். வழியில் இறந்தவர்கள் மிகப் பலர். தாத்தா ரங்கூனில் இருந்தாரா, உள்நாட்டுக் கடை ஒன்றில் இருந்தாரா என்பதே இன்னும் உங்களுக்குத் தெரியாது. அதனால் அந்தக் கோட்டைப் புள்ளிக்கோடாக்குங்கள். அந்தப் பெருக்கல் குறியை எடுத்துவிடுங்கள். ஆச்சியிடம் கேட்கவேண்டியது, "கடையின் விலாசம் என்ன, எந்த ஊர்களில் கடை இருந்தது?" என்பது. விலாசம் என்று இங்கே சொல்வது முகவரியை இல்லை, கடைக்கு வைத்திருந்த பெயரெழுத்துகளை. விலாசம் தெரிந்தால் பழைய பேரேட்டிலும் கடிதங்களிலும் தேட வழியுண்டு. சென்னையில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் ஒருமுறை போய்வாருங்கள். அது கோட்டையூரில் ஒரு தனிமனிதர் தன் ஆர்வத்தால் சேர்த்துவைத்த சேகரிப்பிலிருந்து பிறந்தது. நம் பக்கத்துக் காகிதங்களோடு அதற்கு உறவு உண்டு.

வீட்டுக்குள் போவதும் வெளியிடுவதும்

பொதுவில் இருக்கும் வீட்டில் ஒவ்வொரு பங்குதாரருக்கும் முழுவீட்டிலும் உரிமை உண்டு என்பது சட்டம். அதனால் சென்னை ஆச்சியின் அனுமதியோடு நீங்கள் உள்ளே போனால் அது அத்துமீறல் ஆகாது என்று வாதாடலாம். ஆனால் நீங்கள் வாதாடப் போகவில்லை. பெங்களூர்க்காரர் ஒரு புகார் கொடுத்தால் போலீஸ் ஸ்டேஷனில் நின்று விளக்கவேண்டிய நிலை உங்களுக்கு வரும். அவர்களுக்குள் ஏற்கனவே இருக்கும் பங்காளித் தகராறில் உங்கள் பெயரும் ஏறும். ஆகவே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எந்தெந்தப் பகுதி, என்றைக்கு, எதற்காக என்று அதில் இருக்கட்டும். முகப்பு, வளவு, கட்டுகள் பொது. ஒவ்வொரு புள்ளிக்கும் (தனிக் குடும்பத்துக்கும்) உரிய உள்வீடுகள் தனித்தனியாகப் பூட்டியிருக்கும். அவற்றைத் திறக்கவோ அளக்கவோ கேட்காதீர்கள். உங்கள் கேள்விக்கு அவை தேவையும் இல்லை.

ட்ரோன் வேண்டாம். 250 கிராமுக்கு உட்பட்ட சிறிய ட்ரோனுக்கு 2021 விதிகள் பறப்பவரிடம் உரிமம் கேட்பதில்லை என்றாலும், அடுத்தவர் முற்றத்தின்மேல் பறக்கவிட்டால் ஊரே சந்தேகப்படும். அப்பத்தா நடந்த வழியைத் தெரிந்துகொள்ள நீங்களும் நடந்தால் போதும்.

வீட்டின் பிளானை முகநூலிலோ வாட்ஸப்பிலோ போடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். பூட்டிக் கிடக்கும் வீடுகளிலிருந்து தூணும் கதவும் சாமானும் காணாமல்போகிற பகுதி இது. எந்தப் பின்கதவு பலவீனம், சாமான் அறை எங்கே என்று காட்டும் தாள் தவறான கைக்குப் போய்ச் சேரலாம். வழியை மட்டும் காட்டி, வீட்டின் உள்விவரம் இல்லாத ஒரு பிரதியை வெளியில் காட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி சொல்லும் பட்டா

உங்கள் தம்பியின் ஆசையைக் குறைசொல்ல மாட்டேன். ஒரு பெண் வாழ்நாள் முழுக்க உழைத்த இடத்தில் தன் குடும்பத்துக்கு ஒரு பங்கு இருக்கவேண்டும் என்று நினைப்பதில் நியாயமான ஒரு வலி இருக்கிறது. ஆனால் சட்டம் வேறு. நீங்களே வரைந்த வரைபடத்துக்குச் சொத்து வழக்கில் தனியாகப் பெரிய மதிப்பு கிடையாது; தேவைப்பட்டால் நீதிமன்றம் கமிஷனரையும் சர்வேயரையும் அனுப்பும். பட்டாவே உரிமைப் பத்திரம் ஆகாது. 12 ஆண்டு இருந்தால் இடம் சொந்தம் என்று ஊரில் சொல்வது பாதிதான் சரி. உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக, "இது என்னுடையது" என்று இருந்திருக்கவேண்டும். "ஆச்சி எரக்கப்பட்டு இருக்கச் சொன்னாக" என்று நீங்களே எழுதுகிறீர்கள். அது அனுமதி. வேலையாளோ பராமரிப்பாளரோ எத்தனை ஆண்டு இருந்தாலும் அந்த இருப்பினாலேயே சொத்தில் உரிமை வராது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சாவியையும் நீங்களாகவே திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள். ஒரே ஒரு விதிவிலக்கு பார்க்கவேண்டும்: அந்த அறைகள் இருந்த இடம் பெரிய வீட்டுப் பட்டாவுக்குள் இருக்கிறதா, தனி நத்தம் மனையா என்பது. தனி மனை என்றால் கதை மாறலாம்.

இதைத் தெரிந்துகொள்ள விரும்பினால் தம்பியே நத்தம் பதிவேட்டின் நகலையும் வில்லங்கச் சான்றையும் எடுத்துக்கொண்டு ஒரு சிவில் வக்கீலைப் பார்க்கட்டும். அந்தக் கட்டு அவரிடம் இருக்கட்டும், உங்கள் நோட்டு உங்களிடம் இருக்கட்டும். வழக்குக்காகக் கேட்கிறீர்கள் என்று தெரிந்த நிமிடத்திலிருந்து பெரியம்மா சொல்வது சாட்சியம் ஆகிவிடும். யாருக்கு நல்லது, யாருக்குக் கெட்டது என்று எண்ணி எண்ணித்தான் பேசுவார். சென்னை ஆச்சியின் கதவும் மூடிவிடும்.

பங்காளிகள் அடுத்த படைப்புக்கு ஊருக்கு வருவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்பே எல்லோருக்கும் ஒரே கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள், பெங்களூர்க்காரருக்கும் சேர்த்து. அப்பத்தா யார், எந்த ஆண்டுகளில் அங்கே இருந்தார், நீங்கள் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். சொத்தில் எந்த உரிமையும் கோரி இதைச் செய்யவில்லை என்று உங்கள் பெயரில் மட்டும் எழுதுங்கள்; தம்பிக்காகவோ சித்தப்பாவுக்காகவோ எதையும் விட்டுக்கொடுத்து எழுத உங்களுக்கு அதிகாரம் இல்லை. வரைந்து முடித்ததும் ஒரு பிரதி தருவதாகச் சொல்லுங்கள். பதில் வருவதற்குள் ஊருணிக்குப் போகும் பின்தெரு வழியை அளந்துவிடலாம், அது பொதுத்தெரு. சித்தப்பாவுக்கு எண்பத்தாறு வயது என்கிறீர்கள். அவரோடு அந்தத் தெருவில் நடப்பதை இந்த மாதமே வைத்துக்கொள்ளுங்கள்.